பழுப்புக் கறை எதைக் காட்டுகிறது?

2003 அக்டோபரில் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு கட்டுரை புற்றுநோய் மருத்துவர்களைத் திடுக்கிட வைத்தது. ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரைச் சேர்ந்த மிகேல் ஹென்கே தலைமையிலான குழு, தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற 351 பேரைத் தொடர்ந்து கவனித்திருந்தது. எல்லோருக்கும் ரத்தசோகை இருந்தது. ஒரு பிரிவினருக்கு எரித்ரோபொயட்டின் ஊசி, இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. ரத்தம் ஏறினால் கட்டிக்கு ஆக்சிஜன் போகும், ஆக்சிஜன் இருந்தால் கதிர்வீச்சு வலுவாக வேலை செய்யும் என்று நம்பித்தான் தொடங்கினார்கள். ஹீமோகுளோபின் ஏறவும் செய்தது. ஆனால் மருந்து பெற்றவர்களிடம்தான் நோய் விரைவில் தலைதூக்கியது. முன்னதாக இறந்தவர்களும் அவர்களே.

ஏன்? உடனே எழுந்த சந்தேகம் ஒன்று. எரித்ரோபொயட்டின் கட்டியையே ஊட்டி வளர்க்கிறதோ? அப்படி வளர்க்க வேண்டுமானால், அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி புற்றுசெல்லின் சவ்வில் இருந்தாக வேண்டும். இருக்கிறதா என்று ஏற்கெனவே பலர் தேடிப் பார்த்திருந்தார்கள். 2001-லேயே பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, மார்பகப் புற்றுசெல்களில் அந்த ஏற்பி இருப்பதாக எழுதிவிட்டது. அடுத்தடுத்து நுரையீரல், கருப்பை வாய், சிறுநீரகம் என்று எந்தக் கட்டியைப் பார்த்தாலும் ஏற்பி இருப்பதாகக் கட்டுரைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் சான்றாக இருந்தது கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிய திசுவில் படிந்த பழுப்புக் கறை. கறையை உண்டாக்கியது ஒரு சிறு குப்பியில் விற்கப்படும் எதிர்ப்பொருள். கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய அந்த ஆன்டிபாடிதான், இங்கே ஆய்வகக் கருவியாக வேலை பார்க்கிறது.

அந்தக் குப்பியை நம்பலாமா என்ற கேள்வி, பல ஆண்டுகள் கழித்தே உரத்துக் கேட்கப்பட்டது. அதற்குள் நோயாளிகளின் சிகிச்சையைப் பற்றிய விவாதம் அந்தக் கறையின் மேல் ஏறி நின்றுவிட்டது.

எரித்ரோபொயட்டின் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். அது சிறுநீரகத்தில் உருவாகும் ஹார்மோன். திசுக்களுக்கு ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் அதைக் கூடுதலாகச் சுரக்கும். அது எலும்பு மஜ்ஜையை அடைந்து சிவப்பணு உற்பத்தியைப் பெருக்கும். வீட்டில் யாராவது டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள் என்றால் இந்த ஊசியின் பெயர் உங்களுக்குப் பழக்கமாகவே இருக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு இந்த ஹார்மோனும் குறைந்துபோவதால் வெளியிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. இதை முதன்முதலில் தூய நிலையில் பிரித்தெடுக்க சிகாகோவின் யூஜின் கோல்ட்வாசர் பட்ட பாடு தனிக் கதை. ஜப்பானில் தகாஜி மியாகே, கடுமையான ரத்தசோகை நோயாளிகளிடமிருந்து 2,550 லிட்டர் சிறுநீரைச் சேகரித்து வற்றவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதிலிருந்து 1977-ல் கிடைத்தது சில மில்லிகிராம் புரதம். அந்தச் சில மில்லிகிராம்தான் மரபணுவைக் கண்டுபிடிக்கவும், 1989-ல் மருந்து சந்தைக்கு வரவும் வழி திறந்தது. 1993-ல், கீமோதெரபியால் ரத்தம் குறைந்த புற்றுநோயாளிகளுக்கும் இதைக் கொடுக்க அமெரிக்கா அனுமதித்தது.

ஏற்பியின் மரபணுவும் 1989-ல்தான் பிடிபட்டது. ஆலன் டி’ஆண்ட்ரியா, ஹார்வி லோடிஷ் ஆகியோரின் குழு அதைக் கண்டறிந்தது. மனிதரில் இது 508 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஒரு பாதி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு சிறு துண்டு கொழுப்பாலான சவ்வை ஊடுருவும். மறுபாதி செல்லுக்குள் இருக்கும். ஒரு ஹார்மோன் மூலக்கூறு வந்து இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும்போது, உள்பக்கம் ஒட்டியிருக்கும் நொதிகள் விழித்துக்கொண்டு ‘சாகாதே, பெருகு’ என்ற சேதியைச் செல்லின் உட்கருவுக்குள் அனுப்புகின்றன.

இதில் மனத்தில் வைக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. சிவப்பணுவாக மாறப்போகும் இளஞ்செல்லில், அதாவது இந்த ஏற்பியை வேறெந்தச் செல்லையும் விட அதிகம் நம்பியிருக்கும் செல்லில், சவ்வின் மேல் இருக்கும் ஏற்பிகள் ஏறத்தாழ 1,000 மட்டுமே. ஒரு செல்லில் இருக்கும் மொத்தப் புரத மூலக்கூறுகள் கோடிக்கணக்கில். அந்தக் கோடிகளுக்கு நடுவே ஆயிரத்தைத் தேடுவதற்குத்தான் எதிர்ப்பொருளை அனுப்புகிறோம்.

ஆய்வக எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் பழைய வழி எளிமையானது. தேடும் புரதத்தையோ அதன் ஒரு துண்டையோ முயலுக்கு ஊசி மூலம் செலுத்துகிறார்கள். முயலின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. சில வாரங்களில் ரத்தம் எடுத்து, அந்த எதிர்ப்பொருள்களைப் பிரித்துக் குப்பியில் அடைக்கிறார்கள். சவ்வு ஏற்பி விஷயத்தில் முழுப் புரதத்தையும் தூயதாக எடுப்பது பெரும் கஷ்டம். சவ்விலிருந்து பிரித்தால் அது தன் வடிவத்தை இழந்து கூழாகிவிடும். ஆகவே நிறுவனங்கள் பெரும்பாலும் குறுக்குவழியில் போகின்றன: புரதச் சங்கிலியின் வாலிலிருந்து 20 அமினோ அமிலங்களைச் செயற்கையாகச் செய்து அதை மட்டும் முயலுக்குக் கொடுக்கிறார்கள். எரித்ரோபொயட்டின் ஏற்பிக்கென்று மிக அதிகமாக வாங்கப்பட்ட ‘சி-20’ என்ற எதிர்ப்பொருள் இப்படிப் பிறந்ததுதான். வால் முனையின் 20 அமினோ அமிலம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

இதில் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது? எதிர்ப்பொருள் முழுப் புரதத்தையும் பார்ப்பதில்லை. ஐந்தாறு அமினோ அமிலங்கள் அமைந்திருக்கும் ஒரு சிறு முகப்பைத்தான் பிடிக்கிறது. மனித உடலில் சுமார் 20,000 மரபணுக்கள் புரதங்களை உருவாக்குகின்றன. அதே ஐந்தாறு எழுத்து வரிசை, அல்லது அதைப் போன்ற ஒன்று, வேறு புரதங்களிலும் வந்து அமையக் கூடும். பங்குனி உத்திரக் கூட்டத்தில் நின்று ‘முருகா’ என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நம் முருகன் அன்றைக்கு ஊருக்கே வராமல்கூட இருந்திருக்கலாம். திரும்பிப் பார்த்தவர் நம் ஆள்தானா என்பதைக் கூப்பிட்ட குரலை வைத்துச் சொல்ல முடியாது.

போதாததற்கு, முயலின் ரத்தத்தில் ஒரே எதிர்ப்பொருள் இருப்பதில்லை. நூற்றுக்கணக்கான வகை கலந்திருக்கும். அந்த முயல் இறந்தால் அதே கலவை மறுபடி கிடைக்காது. அடுத்த முயலின் கலவை வேறு. இதற்குத் தீர்வாகத்தான் 1975-ல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் ஒற்றை வகை எதிர்ப்பொருளை மட்டும் முடிவில்லாமல் சுரக்கும் செல்களை உருவாக்கிக் காட்டினார்கள். மோனோகுளோனல் என்று அழைக்கப்படும் அந்த வழிக்கு 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது. அது பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் ஒற்றை வகையாக இருப்பது வேறு, சரியான புரதத்தைப் பிடிப்பது வேறு. தவறான புரதத்தையே காலமெல்லாம் ஒரே சீராகப் பிடிக்கும் மோனோகுளோனல்களும் உண்டு.

இனி, ஆய்வக மேசைக்கு அருகே போய்ப் பார்ப்போம். ஏற்பி இருக்கிறதா என்று பார்க்க வழக்கமாகச் செய்வது ‘வெஸ்டர்ன் பிளாட்’. செல்களை உடைத்து, சோப்பு போன்ற ஒரு ரசாயனத்தோடு கொதிக்கவைக்கிறார்கள். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஒரு திரவமும் அதில் சேரும். சங்கிலிகளுக்கு இடையேயான கந்தகப் பிணைப்புகளை உடைப்பது அதன் வேலை. மடங்கிக் கிடந்த புரதங்களெல்லாம் நீண்ட நூல்களாகிவிடுகின்றன. இந்தக் கரைசலை மெல்லிய ஜெல் பலகையின் மேல் விளிம்பிலுள்ள குழிகளில் நடுக்கமில்லாத கையோடு இறக்கி மின்சாரம் பாய்ச்சினால், நீலச் சாயக் கோடு முன்னே ஓட, புரதங்கள் பின்னே கீழிறங்குகின்றன. சிறியவை வேகமாக ஓடும், பெரியவை தங்கும். அப்படி அளவு வாரியாகப் பிரிந்தவற்றை ஒரு வெள்ளைத் தாள் போன்ற சவ்வின் மேல் ஏற்றி, கடையில் கிடைக்கும் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்து அதில் ஊறவைக்கிறார்கள். தாளின் வெற்றிடங்களையெல்லாம் பால் புரதம் அடைத்துக்கொண்டால், எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டாது. பிறகு எதிர்ப்பொருளைச் சேர்த்து இரவு முழுக்கக் குளிரறையில் ஆட்டிக்கொண்டே விடுகிறார்கள். காலையில் கழுவிவிட்டு, முயல் எதிர்ப்பொருளைப் பிடிக்கும் இரண்டாவது எதிர்ப்பொருளைச் சேர்க்கிறார்கள். அதில் ஒரு நொதி பொருத்தப்பட்டிருக்கும். நொதிக்குரிய ரசாயனத்தை ஊற்றியதும், ஒட்டிய இடம் ஒளிர்ந்து கருப்புப் பட்டையாகப் படத்தில் பதிகிறது.

இந்த முறையின் பெரிய பலம், ஒட்டிய புரதத்தின் எடையையும் காட்டிவிடுவது. பக்கத்திலேயே எடை தெரிந்த புரதங்களின் ஏணி ஓடியிருக்கும். திசுவைச் சாயமேற்றிப் பார்க்கும் முறையில் அந்த வசதி கிடையாது. அங்கே கிடைப்பது பழுப்பு நிறம் மட்டும். எந்தப் புரதத்தின் மேல் ஒட்டினாலும் அதே பழுப்புதான்.

சி-20 போட்டுப் பார்த்தவர்களுக்குப் பட்டை விழுந்தது. ஆனால் விழுந்த இடம் 66 கிலோடால்டன் (புரத எடையின் அலகு), சில கட்டுரைகளில் 78 வரைகூட. ஏற்பியின் அமினோ அமில வரிசையைக் கொண்டு கணக்கிட்டால் வர வேண்டியது 56, 57 கிலோடால்டன். பத்துக் கிலோடால்டன் வித்தியாசம் ஜெல்லில் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி. அதற்கு ஒரு சமாதானமும் தயாராக இருந்தது: சவ்வுப் புரதங்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஏறும், அதனால் எடை கூடியிருக்கும். இந்தச் சமாதானம் பல ஏற்பிகளுக்கு உண்மையும்கூட. அதனால்தான் அது ஆபத்தானதாகவும் ஆனது. எந்த எடையில் பட்டை விழுந்தாலும் விளக்கிவிடலாம் என்றால், எடை என்ற சான்றே பயனற்றுப்போகிறது.

2006 மார்ச்சில் ‘பிளட்’ இதழில் ஸ்டீவ் எலியட்டும் சகாக்களும் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். சந்தையில் கிடைத்த ஏற்பி எதிர்ப்பொருள்களை வாங்கி, ஒவ்வொன்றும் உண்மையில் எதைப் பிடிக்கிறது என்று சோதித்தார்கள். எல்லாமே ஏற்பி அல்லாத புரதங்களையும் பிடித்தன. சி-20, கட்டி செல்களில் 35, 66, 100 கிலோடால்டன் என மூன்று புரதங்களைப் பிடித்தது. உண்மையான ஏற்பியின் பட்டை விழ வேண்டிய இடமோ 59 கிலோடால்டன் என்று அவர்கள் நிறுவினார்கள்.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. அந்த 66 கிலோடால்டன் பட்டையை ஜெல்லிலிருந்து வெட்டியெடுத்து அதன் அமினோ அமில வரிசையைப் படித்தார்கள். அது எச்.எஸ்.பி-70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதம். சி-20-ஐ உண்டாக்கப் பயன்பட்ட 20 அமினோ அமிலத் துண்டை ஒத்த வரிசை அதில் இருந்தது. திசுச் சாயத்திலும் இதே கதைதான். அந்த வேற்றுப் புரதங்களின் துண்டுகளை எதிர்ப்பொருளோடு முன்கூட்டியே கலந்துவிட்டால் கட்டியின் மேல் பழுப்புக் கறை விழவில்லை. சோதித்தவற்றில் ‘எம்-20’ என்ற ஒன்று மட்டும் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு உதவும் என்றும், அதுவும் திசுச் சாயத்துக்கு ஆகாது என்றும் முடித்தார்கள்.

எச்.எஸ்.பி-70 எங்கே அதிகம் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெப்பம், ஆக்சிஜன் பற்றாக்குறை, வேகமான வளர்ச்சி என்று செல் நெருக்கடியில் இருக்கும்போது, சிதையும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்க உருவாவது அது. புற்றுக்கட்டி என்பதே நெருக்கடியில் வாழும் செல்களின் கூட்டம். ஆகவே கட்டிகளில் கறை ஆழமாக விழுந்தது; பக்கத்து நல்ல திசுவில் வெளிறிக் கிடந்தது. பார்த்தவர்களுக்கு அது ‘கட்டிகள் ஏற்பியைக் கூட்டிக்கொள்கின்றன’ என்று தோன்றியதில் வியப்பில்லை. தவறான புரதம், அவர்கள் தேடிய கதைக்கு அச்சாகப் பொருந்தும் இடங்களில் இருந்தது. அறிவியலில் இதைவிடக் கொடிய பொறி வேறு எதுவும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். கறை தாறுமாறாக விழுந்திருந்தால் யாராவது உடனே சந்தேகப்பட்டிருப்பார்கள்.

2006 அக்டோபரில், எலியட்டின் கட்டுரை வெளியாகி மாதங்கள் கழித்து, ஹென்கே குழுவின் அடுத்த ஆய்வு வந்தது. பழைய 351 நோயாளிகளில் 154 பேரின் கட்டித் திசுவைச் சி-20 கொண்டு சாயமேற்றியிருந்தார்கள். 104 கட்டிகளில் கறை இருந்தது, 50-ல் இல்லை. கறை விழுந்தவர்களிடம்தான் மருந்து கேடு செய்தது போலத் தெரிந்தது. எதிர்ப்பொருள் ஏற்பியைப் பிடித்திருந்தால் இது பெரிய கண்டுபிடிப்பு. அது எச்.எஸ்.பி-70-ஐப் பிடித்திருந்தால், அந்த 104 பேருக்கும் பொதுவாக இருந்தது கடுமையான நெருக்கடியில் இருந்த கட்டி என்று ஆகிறது. ஒரே எண்கள், முற்றிலும் வேறு பொருள்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எலியட் வேலை பார்த்தது ஆம்ஜென் நிறுவனத்தில். எரித்ரோபொயட்டினை விற்றுப் பெரும் வருமானம் ஈட்டிய நிறுவனம் அது. கட்டிகளில் ஏற்பி இல்லை என்று நிரூபணமானால் அதற்கு லாபம். ஆகவே அந்தக் கட்டுரையைச் சந்தேகத்தோடு படித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜெல்லிலிருந்து வெட்டியெடுத்த பட்டையின் அமினோ அமில வரிசை யாருக்கும் ஊழியம் செய்வதில்லை. மறுபடி செய்து பார்க்க விரும்புகிறவர் செய்து பார்க்கலாம். 2007-ல் நுரையீரல் புற்றுநோயை ஆராய்ந்த வேறொரு குழுவும் ஏற்பி எதிர்ப்பொருள்களின் நம்பகத்தன்மையையே கேள்விக்குள்ளாக்கியது. 2010-ல் எலியட் குழு ‘ஏ-82’ என்ற புதிய மோனோகுளோனலை உருவாக்கியது. அதைக் கொண்டு பல புற்றுசெல் வரிசைகளைப் பார்த்தபோது ஏற்பி மிகச் சொற்பமாகவோ, கண்ணுக்கே தென்படாமலோ இருந்தது.

மருந்தின் கேடு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. 2007 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளின் உறைமேல் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கையை அச்சிட வைத்தது. அது நோயாளிகளிடம் நடந்த சோதனைகளின் முடிவை வைத்து எடுத்த முடிவு. எதிர்ப்பொருளை நம்பி எடுத்ததல்ல. 2009-ல் 53 சோதனைகளையும் 13,933 நோயாளிகளையும் ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, மருந்து பெற்ற புற்றுநோயாளிகளிடம் ஆய்வுக் காலத்தில் இறப்பு 17 சதவீதம் கூடுதலாக இருந்தது. ரத்த உறைவு அதிகரிப்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட காரணங்களில் ஒன்று. கேடு உண்மை. அதற்கான விளக்கம்தான் தவறான சாட்சியின் மேல் கட்டப்பட்டது. ஏன் இறக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டிய ஆண்டுகள் அந்தச் சாட்சியோடு கழிந்தன. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

சி-20 தனியொரு விபத்தாக இருந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. சவ்வு ஏற்பிகளின் பெரிய குடும்பம் ஒன்று உண்டு. சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் ஏற்பிகள். அட்ரினலின், டோபமைன், அசிட்டைல்கோலின் எல்லாம் இவற்றின் வழியாகப் பேசுகின்றன. நாம் சாப்பிடும் மருந்துகளில் மூன்றில் ஒரு பங்கு இவற்றைக் குறிவைக்கிறது. 2009-ல் ஜெர்மனியிலிருந்து வரும் ஒரு பழம்பெரும் மருந்தியல் இதழ் இவற்றுக்கான எதிர்ப்பொருள்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தது. 19 வகை ஏற்பிகளுக்கென்று விற்கப்பட்ட 49 எதிர்ப்பொருள்கள் தேர்வில் தோற்றிருந்தன. தேர்வு மிக எளியது: அந்த ஏற்பியின் மரபணுவே இல்லாத எலியின் திசுவை எடுத்து, அதே எதிர்ப்பொருளால் சாயமேற்ற வேண்டும். கறை விழக்கூடாது. விழுந்தது. ஏற்பி உள்ள எலியில் எப்படி விழுந்ததோ, இல்லாத எலியிலும் அப்படியே விழுந்தது. 2013-ல் ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள ஆஞ்சியோடென்சின் ஏற்பிக்கான ஆறு எதிர்ப்பொருள்களும் இதே விதமாக மண்ணைக் கவ்வின.

சவ்வு ஏற்பிகள் ஏன் இவ்வளவு படுத்துகின்றன? எண்ணிக்கை குறைவு என்பதைப் பார்த்தோம். ஏழு முறை ஊடுருவும் ஏற்பியில் வெளியே தெரிவது சில சிறு வளையங்கள் மட்டும்; எதிர்ப்பொருள் பிடிக்க இடமே குறைவு. ஒரே குடும்பத்து ஏற்பிகள் உடன்பிறப்புகளைப் போல ஒத்த வரிசை கொண்டவை. ஃபார்மலினில் ஊறிய திசுவில் வடிவமும் குலைந்துவிடுகிறது.

ஆனால் இந்தக் கருவியைக் கைவிட வேண்டும் என்று சொல்வதற்கில்லை. ஒழுங்காகச் சோதித்த எதிர்ப்பொருள் உயிர் காக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குப் பயாப்சி எடுத்த எவருடைய அறிக்கையிலும், சென்னையானாலும் மதுரையானாலும், ‘ஹெர்-2’ என்ற வரி இருக்கும். அதுவும் ஒரு சவ்வு ஏற்பிதான். சில கட்டிகளில் அதன் மரபணு பல பிரதிகளாகப் பெருகி, ஒரே செல்லில் 20 லட்சம் ஏற்பிகள்வரை குவிந்துவிடுகின்றன. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து பலன் தரும். அந்த மருந்துக்கு 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது, ஏற்பியைக் கண்டறியும் எதிர்ப்பொருள் சோதனைக்கும் சேர்த்தே அனுமதி கிடைத்தது. அந்தச் சோதனைப் பெட்டியைத் திறந்தால் எதிர்ப்பொருளோடு ஒரு கண்ணாடித் துண்டும் இருக்கும். அதில் மூன்று வகைச் செல்கள்: ஏற்பி மிக அதிகம் உள்ளவை, கொஞ்சம் உள்ளவை, கறையே விழக்கூடாத அளவு குறைந்தவை. நோயாளியின் திசுவோடு அவற்றையும் சாயமேற்ற வேண்டும். அவை எதிர்பார்த்தபடி நிறம் காட்டாவிட்டால் அன்றைய முடிவு செல்லாது. கறையின் ஆழத்துக்குத் தரும் மதிப்பெண் சந்தேகத்துக்கிடமான 2+ ஆக வந்தால் மரபணுவின் பிரதிகளை நேரடியாக எண்ணிப் பார்க்கிறார்கள். ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற சீட்டு ஒட்டி விற்கும் குப்பிகளுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் எதுவும் கிடையாது. அந்தச் சீட்டே, நோயாளிக்காக இதைப் பயன்படுத்தாதே என்ற அறிவிப்பு. ஆனால் அதைக் கொண்டு எழுதிய கட்டுரைகள் நாளை நோயாளியின் படுக்கைக்கு வந்து சேருகின்றன.

2015-ல் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு ‘நேச்சர்’ இதழில் ஒரு வேண்டுகோள் வெளியானது. மோசமான எதிர்ப்பொருள்களால் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 80 கோடி டாலர் வீணாவதாக அதில் மதிப்பிட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு ஒரு பன்னாட்டுக் குழு, எதிர்ப்பொருளைச் சரிபார்க்க ஐந்து வழிகளை வகுத்தது. என்னைக் கேட்டால் முதல் வழியே மற்ற எல்லாவற்றுக்கும் மேல்: மரபணுவை நீக்கிய செல். எலியின் மரபணுவை நீக்குவது அன்றெல்லாம் வருடக்கணக்கான வேலை. எரித்ரோபொயட்டின் ஏற்பி இல்லாத எலி கருவிலேயே, ஏறத்தாழ 13-ஆம் நாளில் ரத்தசோகையால் இறந்துவிடும். வளர்ந்த எலியின் திசு கிடைக்காது. இன்று கிரிஸ்பர் என்ற மரபணு திருத்தும் முறை வந்தபின், வளர்ப்புச் செல்களில் வேண்டிய மரபணுவைச் சில வாரங்களில் நீக்கிவிட முடிகிறது. கேள்வியும் நேரடியானது. ஏற்பி உள்ள செல்லில் பட்டை விழுகிறது. ஏற்பி இல்லாத செல்லில் அந்தப் பட்டை மறைகிறதா?

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஒரு குழு இதைத்தான் பெரிய அளவில் செய்தது. 65 புரதங்களுக்கான 614 எதிர்ப்பொருள்களைத் தயாரித்த நிறுவனங்களிடமிருந்தே பெற்று, மரபணு உள்ள செல், நீக்கிய செல் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட புரதங்களுக்கு நல்ல எதிர்ப்பொருள் ஒன்றாவது சந்தையில் இருந்தது. இது மகிழ்ச்சியான செய்தி. மறுபுறம், சராசரியாக ஒவ்வொரு புரதத்துக்கும் 12 ஆய்வுக் கட்டுரைகள், அந்தப் புரதத்தைப் பிடிக்கவே பிடிக்காத எதிர்ப்பொருளைக் கொண்டு எழுதப்பட்டிருந்தன. நல்ல எதிர்ப்பொருள் அலமாரியில் பக்கத்திலேயே இருந்தபோதும் மோசமானதை வாங்கியிருக்கிறார்கள். எதிர்ப்பொருளின் மரபணு வரிசையையே தெரிந்துவைத்துச் செல்களில் உற்பத்தி செய்யும் புதிய வகை, முயல் கலவையையும் பழைய மோனோகுளோனலையும் விட நன்றாகத் தேறியது. முடிவுகளைப் பார்த்த நிறுவனங்கள், தோற்றவற்றில் சுமார் 20 சதவீதத்தைச் சந்தையிலிருந்தே விலக்கிக்கொண்டன. சுமார் 40 சதவீதத்துக்கு எதற்குப் பயன்படுத்தலாம் என்ற பரிந்துரையைத் திருத்தின. வெளிச்சத்தில் வைத்தால் விற்பவரும் திருந்துகிறார்.

நம் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நூறு மைக்ரோலிட்டர், அதாவது இரண்டு சொட்டு அளவுள்ள ஒரு குப்பிக்குப் பல பத்தாயிரம் ரூபாய். வெளிநாட்டிலிருந்து பனிக்கட்டியில் வைத்து வந்து சேரச் சில வேளை மாதங்கள். வந்த குப்பியில் பட்டை விழுந்தால் போதும் என்று மனம் ஏங்குவது இயல்பு. சோதனைக்கென்று தனியாகச் செல்கள் வாங்கப் பணம் இருக்காது. முன்பு வந்த கட்டுரைகளில் எந்தக் குப்பியைப் பயன்படுத்தினார்களோ அதையே வாங்குவதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். சி-20 இத்தனை ஆண்டு ஓடியதும் அப்படித்தான்: முந்தைய கட்டுரையே அடுத்த கட்டுரைக்குச் சான்றிதழ் ஆனது.

ஆகவே சவ்வு ஏற்பி ஒன்றைத் தேடி எதிர்ப்பொருள் வாங்கப்போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. எத்தனை கட்டுரைகளில் வந்திருக்கிறது என்று பார்க்காதீர்கள். மரபணு நீக்கிய செல்லில் யாராவது சோதித்திருக்கிறார்களா என்று பாருங்கள். மாண்ட்ரியல் குழுவின் முடிவுகள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கின்றன. யாரும் சோதிக்கவில்லையென்றால், குப்பி வாங்கும் பணத்தோடு அந்த ஏற்பி இல்லாத செல்லுக்கும் சேர்த்துத் திட்டத்தில் பணம் கேளுங்கள். வழிகாட்டிகள் அதை ஆடம்பரம் என்று வெட்டாதீர்கள். உங்கள் படத்தில் பட்டை விழுந்தால், பக்கத்தில் ஏணியையும் ஏற்பியற்ற செல்லின் வரிசையையும் வெட்டாமல் அச்சிடுங்கள். கட்டுரையை மதிப்பிடுகிறவர்கள், அந்த வரிசை இல்லாத படத்தைத் திருப்பி அனுப்புங்கள்.